விடுபட்ட ஒற்று

துண்டுப் பிரசுரத்தில் மொத்தம் பதினோரு பிழைகள் இருந்தன. தலைப்பிலேயே ஒன்று. 'விளைநிலங்களில் நரிகளை கட்டுப்படுத்துதல்: தொடங்குவோருக்கு ஒரு கையேடு' என்று போட்டிருந்தார்கள். 'நரிகளை'க்குப் பின்னால் வர வேண்டிய 'க்' வரவில்லை. வேளாண் அலுவலகத்திலிருந்து வந்தவர் பட்டியின் கதவருகில் நின்று கூண்டை எப்படி வைப்பது என்று என் மாமனாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன். ஐந்தாம் எண்ணில் 'கூண்டினுள் இறையை வைக்கவும்' என்றிருந்தது. இரைக்குப் பதில் இறை. கடவுளை உள்ளே வைத்தால் நரி வருமா, பக்தர்கள் வருவார்களா என்று கேட்க வாயைத் திறந்தேன். மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருடம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் நான். எழுத்தை மட்டும் பார்க்க வேண்டும், பொருளுக்குள் போகக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் விதி. பொருளில் மயங்கினால் பிழை கைக்குத் தப்பிவிடும். காதல் கதை, கல்யாண அழைப்பு, மருந்துச் சீட்டு, மரண அறிவிப்பு எல்லாம் எனக்கு ஒன்றுதான். கண்ணீர் விடாமல் கால்புள்ளி வைப்பேன். பிறகு கணினி வந்து பிழை திருத்தும் வேலையை எடுத்துக்கொண்டது. பிழையாக இருக்கும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சியது. நானும் என் மனைவியும் இரண்டு பெட்டிகளோடு அவளுடைய அப்பாவின் ஆட்டுப் பண்ணைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தீவனக் கிடங்கை ஒட்டிய அறையைக் கொடுத்திருந்தார். படுத்தால் மூக்குக்குள் புழுத்த கம்பின் வாசனை ஏறும்.

மாமனார் என்னோடு நேரடியாகப் பேசுவதில்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் அவரைக் கேட்காமல் அவர் மகளைக் கட்டிக்கொண்டவன் என்பதால், "கோழியைக் கவ்விக்கிட்டுப் போன நரி" என்று அன்றைக்கு வைத்த பெயர். நாளாக நாளாகக் கோழி உதிர்ந்து நரி மட்டும் நின்றுவிட்டது. காலையில் மகளிடம், "உன் நரி எந்திரிச்சாச்சா?" என்பார். சோறு போடும்போது, "நரிக்குப் போதுமான்னு கேளு" என்பார். வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார். "குட்டி போடுற பருவம் முடியுற வரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் உங்க வழியைப் பாத்துக்கங்க." இப்போது பருவம் முடிய ஐந்து வாரம்தான் இருந்தது. எங்களுக்கு வழி என்று ஒன்றும் இருக்கவில்லை. மனைவி ஒவ்வொரு பிரசவத்தின்போதும் பட்டியில் நின்று, இன்னும் எத்தனை ஆடு சினையாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஆடு குட்டி போட்டதற்கு அழுத ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள்.

அந்த நேரத்தில்தான் குட்டிகள் சாகத் தொடங்கின. பத்து நாளில் மூன்று.

"செத்த குட்டி எதையாவது பாக்கலாமா?" என்று கேட்டார் அலுவலகத்துக்காரர்.

"விடியறதுக்குள்ள புதைச்சாச்சு" என்றார் மாமனார். "பாக்க என்ன இருக்கு? நரிதான்."

"இல்ல, எதுக்கும் ஒரு தடவை..."

"நாப்பது வருஷமா ஆடு வெச்சிருக்கேன் சார். எனக்குத் தெரியாதா?" பேசிக்கொண்டே காலடியில் படுத்திருந்த நாயின் காதை வருடினார். சாம்பல் நிறத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு இருக்கும் அந்த நாய்க்கு மந்திரி என்று பெயர். என் மாமியார் வைத்தது. வேலை எதுவும் செய்யாமல் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டும் என்பதால். மாமியார் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. அவர் போன பிறகு அந்த வீட்டில் மாமனார் குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஒரே உயிர் அதுதான்.

அலுவலகத்துக்காரர் கூண்டை இறக்கி வைத்துவிட்டுப் போனார். இதை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி வந்தபோது மாமனார் முதன்முறையாக என்னைப் பார்த்தார். "நரியைப் பிடிக்க நரியே போகட்டும்."

முதல் நாள் கூண்டில் சிக்கியது என் கட்டைவிரல். இரண்டாம் நாள் ஒரு காக்கை. அது வெளியே வந்த பிறகும் போகாமல், ஏதோ நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுபோல வேலியில் உட்கார்ந்து கத்தியது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் காற்று. கூண்டின் படம் இருந்த பக்கம் மட்டும் மேலே தெரியும்படி பிரசுரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புதரோரம் இடம் மாற்றினேன், அடித்தட்டை மண்ணால் மூடினேன், கோழிக் குடலைக் கொக்கியில் மாட்டினேன். இந்த வயதில் ஒரு வேலையில் முன்னேறுவது கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. அந்த நாட்களில் குட்டி எதுவும் சாகவில்லை. அடை மழைக்கு நாயை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்கு ஒரு செய்தியாகவே படவில்லை.

ஐந்தாம் நாள் விடியலில் நரி இருந்தது.

நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. மழையில் நனைந்து, கிழிந்த பஞ்சுத் தலையணை மாதிரி ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. சீறும், பல்லைக் காட்டும் என்று நினைத்திருந்தேன். அது என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் இருந்த முட்புதரையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னை மதிக்காதவர்கள் பட்டியலில் இதுவுமா என்று ஒரு நகைச்சுவை மனதில் வந்தது. அதை ரசிக்கவும் செய்தேன். பிடித்த நரியை வேறிடத்தில் கொண்டுபோய் விடக் கூடாது, அங்கேயே முடித்துவிட வேண்டும் என்பது ஏழாம் எண். மாமனார் துப்பாக்கியை என் கையில் வைத்தார். ஒரு முழத் தூரத்தில் இருந்ததைக் குறி பார்க்க எந்தக் கண்ணை மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் மூடிக்கொண்டேன்.

மாமனார் அதை வெளியே இழுத்துப் போட்டுக் காலால் புரட்டினார். வயிறு தெரிந்தது. "பால் கட்டியிருக்கு" என்றார். பிறகு சாக்கை எடுத்து மூடினார். என் தோளில் கை வைத்தார். பதினாறு வருடத்தில் அந்தக் கை என்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடலாம்."

வாங்க. மாப்பிள்ளை. இரண்டு சொற்களிலும் பிழை இல்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

அன்று மாலையே முன்னறை எங்களுக்கு வந்தது. மாமியார் இருந்த அறை. இரண்டு சன்னல், ஒரு நல்ல கட்டில். குட்டிப் பருவம் முடிவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மனைவி விரிப்பை உதறிப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு நரி முகத்துல முழிச்சீங்களா?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ஒரு வருடம் இருக்கும். நானும் சிரித்தேன். முட்புதரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களை நினைக்காமல் சிரிப்பதற்குக் கொஞ்சம் முயற்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் நான்காவது குட்டி செத்தது.

இந்த முறை மாமனாருக்கு முன்னால் நான் எழுந்துவிட்டிருந்தேன். பதவி வந்தவனின் சுறுசுறுப்பு. வேறிடத்துக்கு மாற்றியிருந்த கூண்டைப் பார்க்கப் போகும் வழியில், பட்டிக்கு வெளியே ஈரமண்ணில் அது கிடந்தது. கழுத்தில் ஒன்றுமில்லை. பின்னங்கால்கள் குதறப்பட்டிருந்தன, விலாவில் கடி, வெள்ளை மயிர் இருபதடி தூரத்துக்குச் சிதறிக் கிடந்தது. ஒரு வாய் கூடத் தின்னப்படவில்லை. யாரோ விரட்டி விரட்டி விளையாடியிருக்கிறார்கள். சுற்றிலும் என் உள்ளங்கை அகலத்துக்குக் காலடிகள். நான் பிடித்த நரியின் பாதம் எனக்குத் தெரியும், சாக்கில் போடும்போது பிடித்துத் தூக்கியிருக்கிறேன். அதில் மூன்றை இதில் ஒன்றுக்குள் வைக்கலாம்.

பையிலிருந்து பிரசுரத்தை எடுத்து, படம் இல்லாத முதல் பக்கத்தைப் பிரித்தேன்.

'1. கொன்றது நரிதானா என்பதை முதலில் உறுதிப்படுத்தி கொள்ளவும்.'

'உறுதிப்படுத்தி'க்கும் 'கொள்ளவும்'க்கும் நடுவில் சிவப்பு மையில், விடுபட்டதைக் காட்டும் கூரைக்குறி ஒன்று போட்டு, அதன்மேல் அழகாக ஒரு 'க்' எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான். கீழே இரண்டு வரி: நாய் என்றால் பின்னங்காலிலும் விலாவிலும் கடிக்கும், மயிர் சிதறிக் கிடக்கும், பெரும்பாலும் தின்னாது. அங்கே 'பின்னன்கால்' என்று இருந்ததையும் திருத்தியிருந்தேன். 'ன்' இங்கே 'ங்' ஆவது ஏன் என்று தெளிவாக விளக்கி ஓரக்குறிப்பு வேறு.

மனைவி அப்போதுதான் எழுந்திருந்தாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தலையை முடிந்துகொண்டிருந்தவளிடம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். பக்கத்துத் தோட்டக்காரரின் நாய் ஒரு தடவை குட்டியைக் கடித்தபோது அவளுடைய அப்பா என்ன செய்தார் என்பது அவளுக்கும் தெரியும். ருசி கண்ட நாயை உயிரோடு வைத்திருக்க முடியாது என்று துப்பாக்கியோடு அவர்கள் வாசலில் போய் நின்றவர் அவர்.

"மந்திரியா?"

"ஆமா."

"அம்மா வளத்ததுங்க அது." முடியை முறுக்கினாள். "அப்பாகிட்ட நீங்க போய் சொல்லி, அவர் அதைச் சுட்டுட்டார்னா, அப்புறம் இந்த வீட்ல நம்ம முகத்தை அவரால பாக்க முடியுமா?"

"அப்ப அந்த நரி?"

"அது செத்துப்போச்சே." கொண்டையை இறுக்கினாள். "நான் இப்பதாங்க எட்டு நாளா தூங்குறேன்."

ஏதாவது நகைச்சுவை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இருந்தாலும், சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டேன். வாழ்க்கையில் ஒரு முறையாவது பொருட்பிழையைத் திருத்திவிடலாம் என்று, பிரசுரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன்.

மாமனார் குழாயடியில் குந்தியிருந்தார். பக்கத்தில் சேறு அப்பிய மண்வெட்டி. மந்திரி அவர் முழங்கால்களுக்கு நடுவில் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றது. ஒரு கையால் அதன் தாடையைத் திறந்து வைத்து, இன்னொரு கையின் சுண்டுவிரலால் பற்களுக்கிடையில் இருந்த வெள்ளை மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததைக் கீழே போடாமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு துண்டை நனைத்து அதன் வாயைத் துடைத்தார். குழந்தைக்குத் துடைப்பதுபோல, ஓரங்களை விடாமல். "ஏண்டா இப்படிப் பண்றே?" என்று அதனிடம் கேட்டார். "அவ இருந்தா உன்னை என்ன சொல்லுவா?"

என் நிழல் தண்ணீரில் விழுந்தது. நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். குழாயை மூட மறந்துவிட்டார்; தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருடம் ஆடு வளர்த்த மனிதர். அவருக்குத் தெரியாதா?

"இன்னொரு நரி இருக்கு போல, மாப்பிள்ளை" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் நாயிடம் பேசுகிற குரல்.

"இருக்கும் மாமா" என்றேன்.

மாலையில் கூண்டைத் தூக்கிக்கொண்டு, முதல் நரி சிக்கிய பழைய இடத்துக்கே போனேன். மாமனார் வேலிக்கு அந்தப் பக்கம் மந்திரியைக் கழுத்துப்பட்டையோடு பிடித்துக்கொண்டு நின்றார். பிரசுரத்தை எட்டாக மடித்து, கூண்டு ஆடாமல் இருக்க ஒரு மூலைக்கு அடியில் கொடுத்தேன். கோழிக் குடலை மாட்டினேன். கை இப்போது தானாகவே வேலை செய்தது. கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கியைத் தேடக் குனிந்தபோதுதான் மண் கண்ணில் பட்டது.

நரி செத்த இடத்தைச் சுற்றி, ஈரமண்ணில், என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய காலடிகள். நேற்றையவை, முந்தாநாளையவை, ஒன்றின் மேல் ஒன்று. முட்புதரிலிருந்து வந்து, சுற்றிச் சுற்றி, திரும்பவும் புதருக்கு. குறைந்தது இரண்டு பேர். இப்போது எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. கூண்டின் கம்பி முன்பு மண்ணில் பதிந்திருந்த ஓரத்தில் மட்டும் காலடிகள் நின்றுபோயிருந்தன. அங்கே, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்ததுபோல, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மண் அழுந்தி வழவழப்பாக இருந்தது.

"கொக்கி மாட்டியாச்சா, மாப்பிள்ளை?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

கதவு கனத்தது. கொக்கி என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.