வெல்லக்கட்டி

விடியற்காலை ஐந்தரைக்கே தொட்டி நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. சைக்கிள் ஹாண்டில்பார்களைக் கொக்கியில் மாட்டி அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரில் இறக்கும்போதே ஞானம்மாளின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. முந்தானையால் துடைத்துவிட்டு அடுத்த கொக்கியை எடுத்தாள். மலைமேல் முருகனுக்கு மணி அடித்தது. கீழே, பக்தவச்சலத்தின் குரோம் முலாம் பட்டறையில், பதினோரு பேரும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொட்டியில் பன்னிரண்டு வருஷம் குனிந்து நின்றவன் அவள் அக்காள் புருஷன் தங்கவேல். இப்போது நுரையீரலில் புற்றோடு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பக்கத்தில் நின்று கொக்கி மாட்டிக்கொண்டிருந்த ஞானம்மாளை முதலாளி இன்றுமுதல் அவன் இடத்துக்குத் தள்ளிவிட்டார்.

பட்டறையில் பாதுகாப்பில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்! தினமும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுக்கிறாரே. விஷமெல்லாம் வெல்லத்தோடு வெளியே போய்விடுமாம். இவர்களும் நம்பினார்கள், பாவம். கட்டி சின்னதாக இருக்கிறதென்று பஞ்சாட்சரம் ஒருநாள் சண்டைகூடப் போட்டார்.

முந்தாநாள் தங்கவேலைப் பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஞானம்மாளைக் கேட்டாள்: "முன்ன என்ன தொழில் செஞ்சீங்க?"

"பள்ளிப்பட்டுல தறிங்க."

"அப்ப உங்களுக்குப் புரியும். உடம்புல ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளயும் நூல் மாதிரி ஒண்ணு இருக்கு. அது அப்பப்ப அறுந்துகிட்டேதான் இருக்கும். உடம்பே முடிச்சுப் போட்டுச் சரிபண்ணிக்கும். இந்தக் குரோமியம் நூலையும் அறுக்குது, முடிச்சுப் போடுற கையையும் கட்டிப்போடுது. அறுந்ததோடயே அணு பெருகினா புற்று."

"தினம் வெல்லம் தின்றமேங்க?"

"வெல்லம் ஒண்ணும் பண்ணாதும்மா. புகையை இழுத்து வெளியே தள்ள ஃபேன் வேணும்."

அறுந்த இழையைக் கவனிக்காமல் நெய்தால் அந்தக் குறை துணி நெடுக ஓடும். தறிக்காரிக்குத் தெரியாதா? இன்று காலை வந்ததுமே எல்லாரிடமும் சொன்னாள். கேட்டுவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

எட்டு மணிக்குப் பக்தவச்சலம் வெல்லத்தட்டோடு வந்து விநியோகித்தார். ஞானம்மாள் கொக்கியைக் கீழே வைத்தாள்.

"ஃபேன் போடுங்க முதலாளி. அதுவரைக்கும் தொட்டிகிட்ட நிக்க மாட்டேன்."

"எமர்ஜென்சி போனதுல இருந்தே உங்களுக்கு வாய் நீண்டுபோச்சு. தங்கவேலு பீடி குடிச்சான், புத்து வந்துச்சு. நானா பொறுப்பு?"

"எங்க பாவா பீடியத் தொட்டதே இல்ல. எனக்கும் மூக்குக்குள்ள தண்டு அரிச்சு ஓட்டை விழுந்துகினு இருக்கு. நானும் பீடி குடிக்கிறனா?"

அவர் சிரித்தார். "பொம்பளைதானே, ஒரு மூக்குத்தி வாங்கி மாட்டிக்கோ. இல்லன்னா போ. கேட்டுக்கு வெளிய நாலு பேர் வேலைக்கு நிக்கிறான்."

அட பாவி மனுஷா! யாரும் சிரிக்கவில்லை. ஞானம்மாள் தன் வெல்லக்கட்டியைத் தட்டில் திருப்பி வைத்தாள். பிறகு இளங்கோவன் வைத்தான், சந்திரா வைத்தாள். பஞ்சாட்சரம் அதற்குள் தம்முடையதை வாயில் போட்டிருந்தார். உள்ளங்கையில் துப்பி, எச்சிலோடு அதையும் தட்டில் வைத்தார்.

"இன்னாய்யா இது?" என்று முதலாளி கத்தினார்.

"பாதி கரைஞ்சுபோச்சுங்க. மன்னிச்சுக்குங்க" என்றார் பஞ்சாட்சரம்.

இளங்கோவன் தொட்டிக்குப் போகும் கரண்டை நிறுத்தினான். நுரை மெல்ல அடங்கியது. பதினோரு பேரும் கேட்டுக்கு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

வேலைக்கு நின்றிருந்த நாலு பேரும் முறைத்தார்கள். "இன்னா சமாசாரம்?" என்றான் ஒருவன். ஞானம்மாள் ரத்தக் கறை படிந்த முந்தானையைக் காட்டி, நூலும் முடிச்சுமாக டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். உள்ளே இருந்து முதலாளி அவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். மூன்று பேர் உள்ளே போகாமல் தலை குனிந்து நின்றார்கள். சமாசாரம் கேட்டவன் துண்டை உதறிப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ஃபேன் வரவில்லை. ஆனால் அன்று அந்தத் தொட்டியின்மேல் ஒருவரும் குனியவில்லை.