புழுதிக்கோட்டைக்கு விசிட்

தாண்டவராயன் தயாரிப்பாளர் ஆனதற்குக் கலை ஆர்வம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மண்ணூருக்குப் பின்னால் அவர் கையில் குத்தகைக்கு ஒரு பொட்டல் இருந்தது. ஏதோ கம்பெனி வரப்போகிறது என்று சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினார்கள். கம்பெனி வரவில்லை, சுவர் மட்டும் நின்றது. தண்ணீர் கேன் போட்டு, ஷேர் ஆட்டோ விட்டு, கடைசியில் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்த ஆள் அனுப்பிப் பெரிய மனிதரான அவருக்கு, ஓர் இடம் சும்மா கிடப்பதைப் பார்த்தால் சோறு இறங்காது. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் மச்சான் ஒருவரும் இருந்தார். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் அந்தக் குதிரைகளும் சும்மா கிடந்தன. பொட்டலையும் குதிரையையும் சேர்த்துப் பார்த்த நாளில் அவர் மண்டைக்குள் ஒரு கௌபாய் வந்து உட்கார்ந்தான்.

"குடும்ப சீரியல் எடுத்தா வூட்டு வாடக குடுத்தே ஓட்டாண்டி ஆயிடணும்" என்றார். "கௌபாய்க்கு வூடே வாணாம் டைரக்டரம்மா. வெளியவே துன்னுட்டு வெளியவே சாவறான்."

டைரக்டரம்மா என்பது யதுகிரி. ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருப் பெண். அப்பாவுக்குக் கோயில் கைங்கர்யம், அக்காவுக்கு வங்கி, இவளுக்குத் தொலைக்காட்சி என்று வீட்டில் ஒருவழியாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். நடிகையின் பொட்டு முந்தின ஷாட்டில் எங்கே இருந்தது என்று பார்க்கும் உதவி இயக்குநராகத்தான் உள்ளே நுழைந்தாள். கொஞ்ச நாளில் பதவி உயர்வு. முகங்களை மட்டும் எடுக்கும் இரண்டாவது யூனிட்டுக்கு அவள்தான் இயக்குநர். மாமியார் அதிர்ச்சி, மருமகள் அதிர்ச்சி, கதவுக்குப் பின்னால் நிற்கும் நாத்தனார் அதிர்ச்சி. நாள் முழுக்க அதிர்ச்சி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், குக்கர் விசில் அடித்தால்கூட யார் முகத்துக்குப் போவது என்று கண் தேடும். இப்படியே அவளுடைய நல்ல வயதெல்லாம் போய்விட்டது.

அதனால் தாண்டவராயன் வந்து "கௌபாய் சீரியல் பண்றீங்களா?" என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. கேட்டது அவர் என்பதால் இல்லை. யார் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

சேனலில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். நிகழ்ச்சிப் பிரிவின் தலைவர் ஹேமந்த் நேரில் வந்து ஒரு காட்சி எடுப்பதைப் பார்ப்பார். பிடித்தால் சனிக்கிழமை இரவு நேரம் அவர்களுக்கு. பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பழைய சீரியலில் அவள் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அங்கே ஒரு பெரியம்மாவின் அதிர்ச்சியை எடுக்க வேண்டியிருந்தது.

யதுகிரி அந்தப் பொட்டலில் புழுதிக்கோட்டை என்று ஓர் ஊரைக் கட்டினாள். எல்லாம் பிளைவுட், எல்லாம் முன்பக்கம் மட்டும். ஷெரீப் அலுவலகம், சாராயக்கடை, நடுவில் ஒரு தூக்குமரம். கட்டுவது சுலபமாக முடிந்தது. பழசாக்குவதுதான் பாடாய்ப் படுத்தியது. ஏரி மண்ணைச் சல்லடையில் சலித்துத் தெருவெங்கும் பரப்பினாள். டீ டிகாஷனை ஊற்றிப் பலகையைக் கறுக்க வைத்தாள். பசையை இழுத்து இழுத்துச் சிலந்தி வலை பின்னினாள். துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டைகளைத் துளைக்கருவியால் அவளே போட்டாள். ஹேமந்த் வருவதற்கு முந்தின மாலை காற்று லேசாக வீச, தெரு முழுக்கப் புழுதி எழும்பி நின்றது. கேமராமேன் ரகு தும்மிக்கொண்டே, "மேடம், இதுக்கே அவார்டு குடுக்கணும்" என்றான்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் தாண்டவராயன் காவேரிக்கு ஒரு போன் போட்டார்.

காவேரி அவரிடம் இருந்த ஆட்களிலேயே கெட்டிக்காரி. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். கூட்டத்தில் நிற்பதற்காக அவளையும் அவளோடு வேலை பார்க்கும் ஆட்களையும்தான் படப்பிடிப்புக்குச் சொல்லி வைத்திருந்தார். போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "காலைல சேனல்லேர்ந்து விசிட் வர்றாங்கோ. சைட்ட ரெடி பண்ணி வெச்சிடும்மா."

அந்தப் பக்கம் வேலை பார்க்கிற யாரிடமும் விசிட் என்ற வார்த்தையைச் சும்மா உச்சரிக்கக் கூடாது. வெளியிலிருந்து பெரிய ஆள் யாராவது தொழிற்சாலையைப் பார்க்க வந்தால் என்ன நடக்கும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். தரையைத் தேய்ப்பார்கள். நடக்கும் வழிக்கு மஞ்சள் கோடு போடுவார்கள். எல்லாப் பொருளுக்கும் பெயர் எழுதி ஒட்டுவார்கள். வருகிறவர் பார்க்கும்போது அங்கே எவனும் என்றைக்குமே வேலை செய்யாத மாதிரி இருக்க வேண்டும்.

காலையில் யதுகிரி கேட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் வெளியே போய், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வந்தாள்.

புழுதிக்கோட்டை பளபளத்தது. தெரு நடுவே மஞ்சள் கோடு. சாராயக்கடை வாசலில் நீலக் கட்டம் போட்டு 'குதிரை நிறுத்துமிடம்'. குண்டு ஓட்டைகளை மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்திருந்தார்கள். சாராயப் பாட்டில்கள் உயர வரிசையில் நின்றன. தூக்குமரத்துக்கு மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை. படிக்கட்டில் 'ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கவும்' என்று ஓர் அறிவிப்பு. குதிரைகளுக்கு மினுமினுக்கும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட். ஷெரீப் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய பலகை: 'புழுதிக்கோட்டையில் விபத்து இல்லாத நாட்கள்'. கீழே ஒரு நல்ல எண்ணைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்.

காவேரி துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா மேடம், எப்டி கீது?"

"புழுதி எங்கே?"

"லாரில ஏத்தி அனுப்பிச்சாச்சு. ஒரு பொட்டு இல்ல. வோணும்னா வெள்ளத் துணி வெச்சித் தொட்டுப் பாருங்க."

"அதை நான் சலிச்சுப் போட்டேன், காவேரி."

"சலிச்சதா? அதான் அவ்ளோ நைசா இருந்துச்சா? மூக்கெல்லாம் அடச்சிக்கிச்சு மேடம்."

"யார் பண்ணச் சொன்னா?"

"ஓனருதான்."

ஓனர் அப்போதுதான் தலையில் கௌபாய் தொப்பியுடன் காரிலிருந்து இறங்கினார். ஊரை ஒரு சுற்றுப் பார்த்தார். "அடடடா, ஷோரூம் மாரி கீதும்மா!"

"சார், இது கொள்ளைக்காரா வாழற ஊர்."

"கொள்ளக்காரன்னா குப்பையிலதான் கெடக்கணுமா? இன்னா டைரக்டரம்மா, அவனும் மனுசன்தானே?"

திட்டுவதற்கு நேரமில்லை. ரகு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் ரோட்டோர மண்ணை அள்ளி வந்தான். தெருவைக் கழுவி விட்டிருந்ததால் கொட்டிய மண் அப்படியே சேறாகிவிட்டது. காய்ந்த இடமாகப் பார்த்துக் கொட்டினால், அது கீழே விழுவதற்குள் காவேரியின் ஆட்கள் பெருக்கினார்கள். வேண்டாம் என்றால் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் கை தானாகவே துடைப்பத்தைத் தேடிப் போனது. வேண்டுமென்று செய்யவில்லை, அவர்களால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹேமந்தின் கார் வந்தது.

அவர் ஒல்லியான மனிதர். எதையும் ரேட்டிங் எண்களை வைத்து எடை போடுகிறவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பேச்சு. யதுகிரி மன்னிப்பு கேட்கும் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே ஓடினாள். அவளுக்கு முன்னால் காவேரி போய்விட்டாள். ஹேமந்தின் தலையில் ஹெல்மெட்டை வைத்து, வாரை இழுத்துப் பூட்டி, மேலே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டே ஒப்பித்தாள்:

"சார், மஞ்ச கோட்டுக்குள்ளயே நடங்க. குதிர பின்னால நிக்காதீங்க. துப்பாக்கி சத்தம் கேட்டா ஓடாதீங்க, எல்லாரும் வரிசையா அந்தத் தூக்குமரத்தாண்ட வந்துடணும்."

ஹேமந்த் மஞ்சள் கோட்டுக்குள் கால் வைத்து ஜாக்கிரதையாக நடந்து வந்தார். "மேடம், வெஸ்டர்ன்னுதானே சொன்னீங்க?"

யதுகிரி வாயைத் திறந்தாள். தயார் செய்த வாக்கியம் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவருடைய சின்ன முகத்தைப் பார்த்ததும் உள்ளேயிருந்து சிரிப்பு குமிழி மாதிரி கிளம்பியது. போனால் போகட்டும், திங்கட்கிழமை எப்படியும் பெரியம்மாதான் என்று தோன்றியது. தோன்றிய உடனே உடம்பு லேசாகிவிட்டது.

"ஆமா சார். உக்காருங்கோ, பாக்கலாம்" என்றாள்.

காவேரியைத் தனியே இழுத்துப் போனாள். "இப்போ குதிரையில ஒருத்தர் வருவார். கையில துப்பாக்கி வெச்சிண்டிருப்பார். உங்க கம்பெனிக்குள்ள அப்படி ஒருத்தர் வந்தா என்ன பண்ணுவேளோ, அதைப் பண்ணுங்கோ."

"உள்ள வுட மாட்டேன் மேடம்."

"அதான் வேணும்."

வில்லன் பகலவனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சீரியல்களில் காலமெல்லாம் நல்ல அண்ணனாக நடித்து நொந்துபோனவர். முதல் முறையாகக் கெட்டவன் ஆகிறோம் என்று கண்ணாடி முன் நின்று பயிற்சி எடுத்திருந்தார். யதுகிரி எடுத்த அத்தனை அதிர்ச்சியிலும் நிஜமாக அதிர்ந்த முகம் ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு ஒன்றாவது கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஆக்ஷன்!"

பகலவன் குதிரையில் பாய்ந்து வந்தார். கறுப்பு அங்கி பறந்தது. "இந்த ஊர் இனிமே இந்தக் கறுப்பு துரைக்குச் சொந்தம்!"

விசில் சத்தம் காதைப் பிளந்தது. காவேரி நடுத்தெருவில் நின்று கையைக் காட்டினாள். "யோவ், குதிரைய கோட்டுக்குள்ள நிறுத்து."

பகலவன் யதுகிரியைப் பார்த்தார். யதுகிரி வானத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் குதிரையை நீலக் கட்டத்துக்குள் விட்டார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

"கேட் பாஸ் எங்க?"

"நான் கறுப்பு துரை!"

"பேர் சொன்னா ஆச்சா? யாரப் பாக்கணும்?"

பகலவனுக்கு வியர்த்தது. "ஷெரீப்பை. கொல்றதுக்கு."

"முன்னாடியே சொல்லிட்டு வரணும்யா. ஷெரீப்பு டீ குடிக்கப் போயிருக்காரு. ஓரமா நில்லு."

பகலவனுக்கு நிஜமாகவே கோபம் வந்து வானத்தைப் பார்த்துச் சுட்டார். உடனே ஊர் ஜனம் மொத்தமும் கத்தாமல், தள்ளிக்கொள்ளாமல் தூக்குமரத்தடிக்குப் போய் வரிசையில் நின்றது. ஒரு பெண் தலைகளை எண்ணினாள். ஹேமந்தும் எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

ஷெரீப்பாக நடித்தவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டே வந்து சுட்டார். பகலவன் நன்றாகவே செத்தார். அதில் குறை சொல்ல முடியாது. அவர் கடைசி மூச்சை விடுவதற்குள் காவேரியின் ஆட்கள் சுற்றிலும் ஆரஞ்சு கூம்புகளை வைத்தார்கள். ஒருத்தி பலகைக்குப் போய் எண்ணை அழித்துப் பூஜ்ஜியம் போட்டாள். காவேரி அதை நின்று பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த துக்கம் நடிப்பு இல்லை.

"நல்லா போய்க்கினு இருந்துச்சு" என்றாள். "கெடுத்துட்டான்."

ஹேமந்த் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட் கண்ணை மறைத்தது. உள்ளேயிருந்து விக்கல் மாதிரி சத்தம் வந்தது. தாண்டவராயன் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலுடன் ஓடினார். பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை" என்றார், மூச்சு வாங்க. "சனிக்கிழமை உங்களுக்குத்தான். ஆனா மேடம், இதைக் காமெடின்னுதான் போடுவோம்."

யதுகிரிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அமைதியான ஒரு தெரு, தொலைவில் புழுதி, அதற்குள்ளிருந்து மெல்லத் தெரியும் ஒரு தொப்பி என்று அவள் மனசுக்குள் வேறு ஒரு சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அது லாரியில் ஏறிப் போய்விட்டது. லாரியைத் துரத்திக்கொண்டு ஓட அவளுக்கு இஷ்டமில்லை.

"என்ன வேணா போட்டுக்கோங்கோ சார். குதிரை இருக்கோல்லியோ, போதும்."

தாண்டவராயன் போய்க் குதிரையைக் கட்டிப்பிடித்தார். அவரைத் தடுக்க ஆளில்லை. ரகு மட்டும் கேமராவை விட்டு எழவே இல்லை. ஏனென்றால் கூம்புகளுக்கு நடுவில் இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது.

"மேடம், எழுந்துக்கலாமா?" என்று பகலவன் தரையிலிருந்து கேட்டார்.

"படு சார்" என்றாள் காவேரி. தொழிற்சாலையில் விபத்து நடந்துவிட்டால் ஏன், ஏன் என்று அடி வரைக்கும் கேட்டுவிடுவது அவர்கள் வழக்கம். "நீ ஏன் செத்தேன்னு இன்னும் கண்டுபுடிக்கல."

"சுட்டான், செத்தேன்!"

"ஏன் சுட்டான்?"

"நான் வில்லன்மா."

"ஏன் வில்லன் ஆனே?"

பகலவன் படுத்தபடியே தலையைச் சொறிந்தார். நிஜமாகவே யோசித்தார். "எங்கப்பா சரியில்ல" என்றார் கடைசியில்.

"அவரு ஏன் சரியில்ல?" என்றாள் காவேரி, சம்மணம் போட்டு உட்கார்ந்து.

யதுகிரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் முட்டியது. கட் சொல்லவில்லை.