பன்னிரண்டில் ஒரு பூ

பழைய நூலகத்தின் முகப்பில், வாசலுக்கு மேலே வரிசையாகப் பன்னிரண்டு கல்பூக்கள். பதினொன்று இருநூறு வயதுக் கிழடுகள். ஒன்று மட்டும் போன மாதம் பிறந்தது. எது அது என்று அதைச் செதுக்கியவளுக்கே இப்போது தெரியவில்லை. இந்தக் கூத்து வேறு எந்தத் தொழிலில் நடக்கும்?

பூக்களுக்குப் பின்னால் இருந்த இரும்புக் கொக்கிகள் துருவேறி ஊதி, கல்லைப் பிளக்கத் தொடங்கியிருந்தன. எல்லாவற்றையும் கழற்றிக் கொக்கிகளை மாற்றினார்கள். பொடிந்துபோன ஒரு பூவுக்குப் பதிலாக, அதே கட்டடத்தின் இடிந்த மதில்கல்லிலேயே அவள் புதுப்பூ செதுக்கினாள். சுவரில் ஏற்றியதும் அதன் அடிவிளிம்பில் வருடத்தைப் பொறிக்க வேண்டும். பழசு எது, புதுசு எது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்குள் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துவிட்டாள். சுண்ணாம்பு வேலைக்காரரான அவள் புருஷன் மகா பொறுப்பாக, வெள்ளைச் சாக்பீஸில் எண் போட்டுப் பூக்களை ஏற்றினார். பிறகு அந்த எண்களின் மேலேயே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சும் அடித்து, எல்லாப் பூவையும் ஒரே நிறமாக்கிவிட்டார். ஏற்றும்போது எடுத்த படங்கள் இருந்த போனும் சுண்ணாம்புத் தொட்டியில்தான் உயிரை விட்டது.

பத்து மணிக்கு வேலையைச் சரிபார்க்க ஆய்வாளர் வருகிறார். அவள் பெயரில் எடுத்த முதல் வேலை இது. புதுக்கல் எது என்று காட்ட முடியாவிட்டால் உரிமம் போய்விடும். குத்துமதிப்பாக ஒரு பழைய கல்லில் பொறித்துவைத்தாலோ, அதைவிடப் பாவம் வேறில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னா அது உன் திறமைதானே" என்றார் புருஷன். சமாதானமாம். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டு டார்ச்சை எடுத்தார்.

சாரத்தில் ஏறியதும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னாள். இதழ்களுக்கிடையே உளித் தழும்புகள் எழுந்து நின்றன. முதல் மூன்று பூக்களிலும் அவை ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

அவள் இடதுகைக்காரி. வேலை கற்ற பட்டறையில் அவளுக்குப் பெயரே 'நொட்டாங்கை'. அந்தக் கை பட்டால் கட்டடம் ஏற்காது என்று கேலி பேசிப் பேசியே, பெரிய மனிதர்கள் வந்தால் சுத்தியலைச் சட்டென்று வலக்கைக்கு மாற்றும் பழக்கத்தை அவளிடம் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவளுடைய தழும்பு மட்டும் எதிர்ப்பக்கம்தான் சாய்ந்திருக்க வேண்டும்.

நான்காவது பூவில் அது கிடைத்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. உளியை எடுத்தாள்.

"இரு" என்றார் புருஷன். டார்ச்சோடு ஒன்பதாவது பூவுக்குப் போயிருந்தார். "இதுவும் உன் பக்கம்தான் சாயுது."

அவள் செதுக்கியதோ ஒன்றே ஒன்று. முட்டிபோட்டு நகர்ந்து போய்ப் பார்த்தாள். அவளுடைய பல்லுளியில் ஒரு பல் உடைந்து மாதக்கணக்காகிறது. அது இழுக்கும் கோடுகளுக்கு நடுவே ஒரு கோடு விட்டுப்போயிருக்கும். நான்காவது பூவில் விட்டுப்போயிருந்தது. ஒன்பதாவதில் எல்லாக் கோடுகளும் ஒழுங்காக இருந்தன.

அப்படியென்றால் இருநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ இந்தச் சுவருக்காக இடது கையில் சுத்தியல் பிடித்திருக்கிறார். கட்டடம் அந்தப் பூவை இன்றுவரை கீழே தள்ளவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"எனக்கு முன்னாலயே ஒருத்தர் வந்துட்டுப் போயிருக்கார்" என்றாள், பூவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி.

"அப்படின்னா அவர் எனக்கு என்ன முறை வேணும்?" என்று கேட்டார் புருஷன்.

நான்காவது பூவில் வருடத்தின் கடைசி எண்ணைக் கொத்திக்கொண்டிருந்தபோது சாரத்தின் ஏணி அசைந்து, ஆய்வாளரம்மாவின் தலை தெரிந்தது. பழக்கதோஷம், சுத்தியல் வலக்கைக்குத் தாவப் பார்த்தது. அவள் விடவில்லை. இடக்கையாலேயே எண்ணை முடித்து, தூசியை ஊதிவிட்டு நிமிர்ந்தாள்.

"இடது கையா?" என்றார் ஆய்வாளர்.

"ஆமாங்க. இங்க நாங்க ரெண்டு பேர். வாங்க, இன்னொருத்தரையும் காட்டறேன்."