எத்தனை வருஷத்துக்குக் குத்தகை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் ஏற்காட்டுக்கு வரவில்லை. கையில் ஒரு காதல் கதை இருந்தது. சேலத்து வெயிலில் அது உருகி வழிந்துகொண்டிருந்ததால், மலைக்குக் கொண்டுபோனால் கொஞ்சம் கெட்டிப்படும் என்று நினைத்தேன். கிளியூர் போகும் வழியில் ஒரு வீட்டின் முன்னறை வாடகைக்குக் கிடைத்தது, சாப்பாட்டோடு. வீட்டுக்கார அம்மாள் பெயர் அற்புதம். எஸ்டேட்டில் ஆட்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த ஸ்தனிஸ்லாஸின் மனைவி. அவர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலை ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் மூங்கில் ஏணி சாய்த்து, சில்வர் ஓக் மரங்களில் படர்ந்திருந்த கொடிகளிலிருந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எனக்குக் காப்பி கொண்டுவந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "நல்ல விளைச்சல்போல இருக்கே, உங்களுக்கு இந்த வருஷம் கொண்டாட்டம்தான்" என்றேன்.

"மரந்தானுங்க என்னுது. மொளகு என்னுது இல்லீங்க சார்" என்றார்.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. என் காதல் கதை அன்றைக்குச் செத்தது. நல்ல சாவுதான், துக்கம் விசாரிக்க வேண்டாம்.

2

தொடக்கம் ஒன்று: டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது அவர் முகத்தில்

(வேண்டாம். நோய்க் கதை என்றாலே எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்க ஒரு டாக்டர் வந்துவிடுகிறார்.)

தொடக்கம் இரண்டு: சேர்வராயன் மலையின் மீது மெல்லிய பனி

(சீ.)

தொடக்கம் மூன்று. அலங்காரம் கிடையாது. 1990 மழைக்காலத்தில் ஸ்தனிஸ்லாஸுக்கு இடுப்பில் வலி வந்தது. அதற்கு முன்பே சிறுநீர் சரியாகப் போகாமல் இருந்தது. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். இடுப்புக்குத் தைலம் தேய்த்தார். எழுந்து நிற்கவே முடியாமல் போனதும்தான் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். எலும்பு வரைக்கும் போய்விட்டது.

டாக்டர் நல்லவர். உட்காரவைத்துச் சொன்னார்.

"முழுசாக் குணமாக்க முடியாதுங்க. அடக்கி வைக்கலாம். இந்த நோய்க்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. அந்தத் தீனியை நிறுத்தணும். அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சின்ன ஆபரேஷன். விதை ரெண்டையும் எடுத்துடுவோம். ஒரே தடவையோட முடிஞ்சுது, செலவும் கிடையாது. இன்னொண்ணு, மாசாமாசம் வயித்துல ஒரு ஊசி. புதுசா வந்திருக்கு. யானை விலை. ஆனா ரெண்டும் செய்யறது ஒரே வேலைதான்."*

"எத்தன நாளைக்குத் தாங்குமுங்க?" என்று கேட்டது அற்புதம்.

"ரெண்டு வருஷம், மூணு வருஷம். சிலருக்கு அதுக்கும் மேல. யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

ஸ்தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார். "ஊசிங்க."

* மாத்திரை ஒன்றும் இருந்தது, மலிவாக. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுக் கோளாறு என்பதால் டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கதைக்கும் நல்லது. இரண்டு வழியே மனுஷனைக் கொல்கிறது.

3

இந்த இடத்தில் எனக்கு ஸ்தனிஸ்லாஸ் மேல் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்ன, கோபமே வந்தது. இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று படித்த டாக்டர் சொல்கிறார். ஒன்றுக்குக் காசில்லை, இன்னொன்றுக்கு யானை விலை. இவர் யானையைக் கேட்கிறார். ஆம்பளைத் திமிர் என்று எழுதிவிட்டேன். ஒரு பத்தி முழுக்க எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: ஸ்தனிஸ்லாஸ் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு,

(அவருக்கு மீசையே கிடையாதாம். கேட்டுவிட்டேன்.)

பத்தியைக் கிழித்துப் போட்டேன். அவருக்கு இருந்தது மீசை அல்ல, குரல். ரைட்டர் வேலையில் காலையில் ஆட்களின் பெயரைக் கூப்பிட வேண்டும். அவர் மேலே நின்று கூப்பிட்டால் கீழ்க்காட்டில் இருப்பவர்கள் ஆஜர் சொல்வார்களாம். பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவருடைய பாடுகளை, அதாவது அவர் சிலுவையில் இறந்த கதையை, மூன்று பேர் பிரித்துப் பாடுவது வழக்கம். அதில் சேசுவின் பகுதி எத்தனையோ வருஷமாக ஸ்தனிஸ்லாஸுடையது. பங்குச் சாமியார்கள் மாறினார்கள், அந்தக் குரல் மாறவில்லை. மாரமங்கலத்திலிருந்து நடந்தே வந்து கேட்டுவிட்டுப் போவார்களாம்.

இதை நான் முதலில் ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைத்திருந்தேன். நீங்கள் அப்படி வைக்காதீர்கள்.

கோபம் தணிந்த பிறகு இன்னொன்றும் உறைத்தது. பணக்காரன் ஊசி வேண்டும் என்றால் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். இல்லாதவன் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். டாக்டர் கேட்கவில்லை. நான் கேட்டேன், அவர் செத்து ஒரு வருஷம் கழித்து, அவர் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டு.

4

கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் சௌகரியம். பெருமாளை அதற்கு வைத்திருந்தேன். சேலத்து மிளகு வியாபாரி. ஜீப்பில் வருவார். விரல் நிறைய மோதிரம் போட்டுவிட்டிருந்தேன்.

இந்த மலையில் மிளகைக் கொடியிலேயே விற்றுவிடும் வழக்கம் உண்டு. காய் பழுக்கும் முன்பே வியாபாரி வந்து கொடியை அண்ணாந்து பார்ப்பார், ஒரு விலை சொல்வார், பணத்தைக் கொடுத்துவிடுவார். அதன்பின் பறிப்பது அவர் பாடு, காய்த்தாலும் காய்ந்தாலும் அவர் பாடு. அவசரக்காரர்கள் பல வருஷ விளைச்சலைச் சேர்த்தே குத்தகைக்கு விடுவார்கள். அதனால் பேச்சின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எத்தன வருசத்துக்குங்க ரைட்டரய்யா?" என்றார் பெருமாள்.

கேட்ட பிறகுதான் அவருக்கே புரிந்திருக்க வேண்டும், தான் எதைக் கேட்டுவிட்டோம் என்று. நோய் விஷயம் ஊருக்கெல்லாம் தெரியும். டாக்டரே சொல்லாத கணக்கை ஒரு மிளகு வியாபாரி கேட்டுவிட்டார்.

"நாலு" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அற்புதம் சமையலறை வாசலில் நின்றிருந்தார். பெருமாள் அவரைப் பார்த்தார். "வருசா வருசம் பேசிக்கலாமுங்களே அய்யா, என்ன அவசரம்? மொளகு எங்கயும் ஓடிப்போயிராதுங்க."

"ஊசி மாசாமாசம் வருதே பெருமாளு. நாலுன்னா நாலுதான்."

பெருமாள் மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டார். விலையிலும் குறைக்கவில்லை. போகும்போது அற்புதத்திடம், "ஆண்டவன் அய்யாவுக்கு நாலுக்கு மேலயே குடுப்பானுங்கம்மா" என்றார். என் வில்லன் கையைவிட்டுப் போனான். மோதிரங்களைக் கழற்றிவிட்டேன்.

அந்த நாலாவது வருஷத்து மிளகைத்தான் இப்போது ஜன்னலுக்கு வெளியே பறிக்கிறார்கள்.

5

ஊசி வேலை செய்தது. இரண்டு மாசத்தில் வலி அடங்கியது. ஸ்தனிஸ்லாஸ் தடியில்லாமல் நடந்தார். பெரிய வெள்ளியன்று பாடினார். அந்த வருஷம் மாதிரி எந்த வருஷமும் இல்லை என்கிறார் அற்புதம். சிலுவையில் சொல்லும் கடைசி வார்த்தைக்கு அவர் வந்தபோது கோயிலில் ஒரு குழந்தைகூட அழவில்லையாம். இந்த அம்மாள் மட்டும் முக்காட்டுக்குள் அழுதிருக்கிறார்.

ஆனால் டாக்டர் சொன்ன 'ஒரே வேலை'யையும் ஊசி பாக்கியில்லாமல் செய்தது. விடியற்காலைக் குளிரில் ஊரே கம்பளிக்குள் சுருண்டிருக்க, இவர் உடம்பு தீயாய் எரிகிறது என்று பனியனோடு வாசலில் நிற்பார். தாடி முளைப்பது குறைந்தது. மற்றதை அற்புதம் சொல்லவில்லை. கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டோம் என்று மட்டும் சொன்னார். நானும் தோண்டவில்லை.

(இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அந்த வீட்டிலேயே படுத்துக்கொண்டு அதை எழுத வெட்கமாக இருந்தது.)

6

அதே வருஷம் ஆடி மாசம். ஊசிக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஓமலூர்க்காரர் ஒருவர், சின்னத்தம்பி என்று பெயர், மாட்டு வியாபாரி. (மாட்டு வியாபாரி என்பது என் கற்பனை அல்ல. கதைக்கு அது ரொம்பப் பொருந்துகிறதே என்று தையல்காரராக மாற்றினேன். "அவரு மாட்டு யாவாரிதானுங்க, அத ஏன் மாத்தறீங்க?" என்று அற்புதம் கோபித்துக்கொண்டார்.)

"உங்களுக்கும் இதே எளவுதானுங்களா?" என்று சின்னத்தம்பி ஆரம்பித்தார். "நானு போன வருசமே ஆப்பரேசன் பண்ணிக்கிட்டனுங்க. எத்தன காளைக்குக் காயடிச்சு வுட்டுருப்பேன், கடைசீல எனக்கே அடிச்சுட்டானுங்க!" சொல்லிவிட்டுச் சிரித்தார். கட்டடமே அதிர்ந்தது. நர்ஸ் உள்ளேயிருந்து ஓடிவந்து, "கொஞ்சம் மெதுவாங்கய்யா, வார்டு வரைக்கும் கேக்குது" என்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கொரலு முன்னாடியும் இப்படித்தானுங்களா?"

"பொறந்ததுல இருந்து இதே தொண்டைதானுங்க. ஊட்டுல திட்டு வாங்காத நாளில்ல."

ஸ்தனிஸ்லாஸை உள்ளே கூப்பிட்டார்கள், ஊசி போட்டுக்கொண்டார், வந்தார். திரும்பும் பஸ் மலை ஏறத் தொடங்கியதும்தான் சொன்னார்.

"வெட்டியெடுத்துட்டா கொரலு பொம்பளக் கொரலாப் போயிருமுன்னு நெனச்சுட்டேன் அற்புதம். ஊசின்னா ஒடம்புல ஒண்ணும் வெட்டறதில்லையே, கொரலு நிக்குமுன்னு."

"டாக்டருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே?"

"எப்படிப் புள்ள கேக்கறது?"

கேட்டிருந்தால் டாக்டர் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார், வளர்ந்த ஆம்பளைக்குக் குரல் மாறாது என்று. கேட்கவில்லை. நாலு வருஷ மிளகு போய்விட்டது.

முழுவதும் போகவில்லை. பெருமாள் கொடுத்ததில் பாதி இன்னும் பாங்கில் இருந்தது. அது ஸ்தனிஸ்லாஸுக்கும் தெரியும். இரண்டு வளைவு தாண்டி அவர் கேட்டார்: "இப்பவாச்சும் ஆப்பரேசன் பண்ணிக்கிட்டா மிச்சம் உனக்காகும். பண்ணிக்கட்டுமா?"

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். நான்கு நாளாக இந்தப் பஸ் மலை ஏறவே மாட்டேன் என்கிறது.

முடிவு ஒன்று: "பண்ணிக்குங்க" என்கிறார் அற்புதம். நியாயமான பதில். குரல் போகாது, பணம் மிஞ்சும், அவருக்குப் பின் இவர் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் எழுதிப் பார்த்தால், கேட்டவரின் முகம் எனக்கு எழுத வரவில்லை.

முடிவு இரண்டு: "வேண்டாமுங்க, ஊசியே போட்டுக்கங்க" என்கிறார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. மனைவிமார் தியாகத்தில் குளிர்காய்ந்தே எழுத்தாளர்கள் காலத்தை ஓட்டிவிட்டோம்.

முடிவு மூன்று: ஏற்காடு வரைக்கும் திட்டித் தீர்க்கிறார். திட்டு வாங்கவேண்டிய ஆள்தான். இதை எழுதும்போது எனக்கு ஆனந்தமாகவே இருந்தது. அதனால்தான் அடித்துவிட்டேன்.

பொறுக்கமாட்டாமல் நேற்று அவரிடமே கேட்டேன். அடுப்படியில் இருந்தார்.

"கொரலுக்குன்னு சொன்னாருங்க. நானும் கொரலுக்குன்னே வெச்சுக்கிட்டேன்" என்றார்.

"அப்ப உண்மைக் காரணம் வேறயா?"

"ஏனுங்க சார், ஒரு மனுசன் தன் ஒடம்புக்கு ஒண்ணு வேணாமுன்னா அதுக்குக் காரணம் வேற சொல்லோணுமா?"

பிறகும் விட்டேனா? நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எது சொன்னா உங்க கதைக்கு நல்லாருக்குமோ அதையே எழுதிக்கங்க." தேநீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தன் மரத்தில் பெருமாளுக்காக மிளகு பறிப்பவர்களிடம் போய்விட்டார். சாயங்காலம் என் அறையைப் பெருக்க வந்தார். வாடகைக்கு இருப்பவனுக்கு அதுவும் சேர்த்திதான்.

எனக்குத் தெரிந்த மிச்சம் இவ்வளவுதான். அடுத்த பெரிய வெள்ளிக்கும் ஸ்தனிஸ்லாஸ் பாடினார், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்பு இறந்துபோனார். ஊசியா ஆபரேஷனா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. இரண்டிலும் அவர் அதே கிறிஸ்துமஸுக்கு முன்புதான் போயிருப்பார்.

ஆகவே நான் இறங்கிக்கொள்கிறேன். ஜன்னலோர இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். மடியில் ஆஸ்பத்திரிப் பை இருக்கிறது. வெளியே மழை. பக்கத்தில் உங்கள் கணவர், உங்கள் பக்கம் திரும்பாமல் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மெதுவாகத்தான் கேட்க நினைத்தார். அந்தக் குரலுக்கு மெதுவாகப் பேச வராது. பண்ணிக்கட்டுமா என்று அவர் கேட்டது பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்க்கிறார்.

அடுத்த வளைவு வருகிறது. சொல்லுங்கள்.