ஐந்தாம் மாடிக்கு ஓரடி கீழே

லிஃப்ட் மெக்கானிக்காகப் பிறந்தவனுக்குச் சொந்த நேரம் என்று ஒன்று கிடையாது. எட்டுப் பேர் ஏறவேண்டிய பெட்டியில் பதினோரு பேராக முண்டியடித்து ஏறி எவனோ எங்கேயோ நடுவழியில் தொங்குவான். இங்கே இவன் சோற்றில் கை வைத்திருப்பான். போன் அடிக்கும். கையை உதறிக்கொண்டு ஓடவேண்டும். கல்யாணப் பந்தி, துக்க வீடு, பெற்ற மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கிருந்தெல்லாம் எழுந்து ஓடக்கூடாதோ அங்கிருந்தெல்லாம் நம் மெக்கானிக் ஓடியிருக்கிறான். ஒருநாள் அப்படி ஓடிய இடத்தில், மெஷின் ரூம் படிக்கட்டிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டான். ரத்தக் கொதிப்பு. டாக்டர் கருவியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். "இப்படியே ஓடுனா ரொம்ப நாள் ஓடமாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வெளிநாட்டிலிருந்து பேசினான். மனைவியின் தம்பி. அங்கே போய் நன்றாகத் தூங்கித் தூங்கிக் கன்னமெல்லாம் பளபளவென்று ஆகியிருந்தவன்.

"மாமா, பேசாம இங்க வந்துடுங்க. லிஃப்ட் கம்பெனியில ஆள் கேக்கறாங்க. நாலரை மணி ஆனா ஸ்பேனரைக் கீழ வெச்சுடணும். அதுக்கு மேல வேலை செஞ்சா திட்டுவாங்க."

"வேலை செஞ்சாலா திட்டுவாங்க?"

"ஆமா மாமா. அப்படி ஒரு ஊரு."

மெக்கானிக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் மனைவி போனைப் பிடுங்கி, "எப்ப வரணும்?" என்று கேட்டுவிட்டாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. கரண்ட் போனால் ஊரே போன் போட்டுத் திட்டும் நாற்காலி அவளுடையது. திட்ட வந்தவர்களை "உங்க தெருவுல மட்டுமா, எங்க வீட்லயும்தான் இல்ல, நானும் இங்க ஃபேன் காத்துக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவாள். அவள் குரலைக் கேட்பதற்கென்றே கரண்ட் இருக்கும்போதும் போன் போடுகிற பெரியவர்கள் இருந்தார்கள். அந்த வேலையை அவள் விடவில்லை, ஒரு வருடம் சம்பளமில்லாத லீவு போட்டாள். மகளைக் கல்லூரி விடுதியில் சேர்த்தார்கள். விமானம் ஏறுவதற்கு முன் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அங்கயும் போனும் கையுமா ஓடுனீங்கன்னு வெச்சுக்கோங்க, லீவு முடியற அன்னிக்கு நான் திரும்பி வந்து என் நாற்காலியில உக்காந்துடுவேன். நீங்க அங்கயே ஓடிட்டிருங்க."

அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

ஆக, புது ஊரில் மெக்கானிக்குக் கம்பெனி கொடுத்த வேலை ஒன்று, அவனே எடுத்துக்கொண்ட வேலை இன்னொன்று. அந்த இன்னொன்று, சும்மா இருப்பது. அதில்தான் அவன் படாத பாடு பட்டான். முதல் நாளே நாலரை மணிக்கு சூப்பர்வைசர் வந்து, பாதி திருகிய போல்ட்டிலிருந்து இவன் கையை எடுத்துவிட்டார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அன்று ராத்திரி முழுக்க அந்த போல்ட் இவன் நெஞ்சிலேயே பாதி திருகிக் கிடந்தது. சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் அதைத் திருகி முடித்த பிறகுதான் மூச்சு வந்தது. அதற்கும் சூப்பர்வைசர் திட்டினார். சீக்கிரம் வந்ததற்காக.

மச்சினன் பார்த்தான். "மாமா, நீங்க பொழுதுபோக்குன்னு ஒண்ணு வெச்சுக்கணும். மீன் பிடிங்க" என்று தூண்டிலும் கையுமாக ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனான். அங்கே கரையோரம் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரின் தூண்டில் சக்கரம் சுற்றும்போது கீச்சென்றது. மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டு பார்த்தான், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான், முடியவில்லை. வாங்கிக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டான். அதைப் பார்த்து அடுத்தவர் தன்னுடையதை நீட்டினார். பொழுது சாய்வதற்குள் கரையில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பே நடந்துவிட்டது. இவன் தூண்டில் மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை. மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

பூங்காவுக்குப் போனால் பெஞ்சு ஆடியது. அதை முடுக்கினான். நீச்சல் குளத்துக்குப் போனால் தண்ணீர் வடிகட்டும் மோட்டாரின் சத்தம் சரியில்லை. அங்கிருந்து மரியாதையாக வெளியே அனுப்பினார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்து ஒன்றையும் சொல்லமாட்டான். வீட்டுப்பாடம் முடித்த பிள்ளை மாதிரி மனைவி முன்னால் வந்து நிற்பான்.

"இன்னிக்கு நல்லா ரிலாக்ஸ் பண்ணேன்."

"அப்படியா? எங்க போனீங்க?" என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு "அப்படியா" மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் சுருங்கி "ம்" ஆகிவிட்டது. சபாஷ், திருப்தியாகிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆம்பளை மூளை அவ்வளவுதான்.

லீவு முடிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. வேலையில் திரும்பிச் சேர்வதா, ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு இங்கேயே இருப்பதா என்று அவள் முடிவு சொல்லவேண்டும். அவளோ வாயைத் திறக்கவில்லை. கேட்கவும் அவனுக்குப் பயம். அதனால் ரிலாக்ஸ் செய்வதை இன்னும் தீவிரமாக்கினான். அவள் வெளியே போய்விட்டு வரும் நேரம் பார்த்து சோபாவில் சாய்ந்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் கோத்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு உட்காருவான். போட்டோ எடுக்கும்வரை அசையாதே என்று யாரோ சொன்னதுபோல இருக்கும். சோபா மெத்தைக்கு அடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஒளித்து வைத்திருந்தான். எதற்கு என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கைக்குப் பக்கத்தில் அது இருந்தால் ஒரு தைரியம்.

இதில் பெரிய சோதனை அவர்கள் குடியிருந்த கட்டிடத்தின் லிஃப்ட். பழைய காலத்துப் பெட்டி. மாடிக்கு மாடி கதவில் ஒரு கண்ணாடிப் பட்டை, உள்ளே பெரிய சிவப்பு நிறுத்துப் பொத்தான். நாலாவது மாடியைத் தாண்டும்போது லேசாக ஒரு முனகல் முனகும். ஐந்தாம் மாடியில் இருந்த மெக்கானிக்குத் தூக்கத்தில்கூட அந்த முனகல் கேட்கும். ஆனால் அதைப் பராமரிப்பது வேறு கம்பெனி. அடுத்த கம்பெனி லிஃப்ட்டில் விரலை வைத்தால் அன்றோடு சீட்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் அவன் படியேறியே போய்வந்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மனைவி கடைக்குப் போயிருந்தாள். கீழே லிஃப்ட் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் மெக்கானிக் சோபாவில் சாய்ந்து கையைக் கோத்துச் சிரிப்பையும் மாட்டிக்கொண்டான். லிஃப்ட் வந்தது. நாலைத் தாண்டி முனகியது. ஐந்துக்கு வரவேண்டியது வரவில்லை. டக்கென்று நின்றுவிட்டது.

மெத்தைக்கு அடியில் கையை விட்டான், ஸ்க்ரூடிரைவரை உருவினான், வாசலுக்குப் பறந்தான். செருப்புகூடப் போடவில்லை. பெட்டி ஐந்தாம் மாடிக்கு ஓரடி கீழே நின்றிருந்தது. கண்ணாடிப் பட்டை வழியாக உச்சந்தலை ஒன்று தெரிந்தது. இத்தனை வருடப் பழக்கம் அவனை மீறி வாயைத் திறந்தது.

"பயப்படாதீங்க. நாங்க வந்துட்டோம். உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான்" என்றது உள்ளேயிருந்து வந்த குரல். "உங்க பொண்டாட்டி."

அவன் அசடு வழிந்தான். ஆனாலும் பழக்கம் விடுமா?

"மூச்சு விட சிரமமா இருக்கா?"

"கல்யாணம் ஆனதிலிருந்தே இருக்கு."

"கிண்டல் பண்ணாத. கதவை விட்டுத் தள்ளி நில்லு. ஒரு நிமிஷத்துல திறந்துடறேன்."

"தொட்டீங்க, அவ்ளோதான். வேலை போயிடும். அந்தக் கம்பெனிக்காரங்களைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டான். அங்கே ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள். ஆள் கிளம்பிவிட்டார், வர ஒரு மணி நேரம் ஆகலாம், அதுவரை உள்ளே இருப்பவரிடம் தயவுசெய்து ஏதாவது பேசிக்கொண்டிருங்கள் என்றாள். ஒரு மணி நேரமா? இவன் ஊரில் என்றால் அதற்குள் நாலு லிஃப்ட்டைத் திறந்திருப்பான். பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம், என்ன பேசுவது என்பதுதான். முன்பின் தெரியாத எத்தனை பேரிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எவ்வளவு பேசியிருக்கிறான். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், சொந்த ஊர் எது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பேச்சுக் கொடுத்து, அழுதவர்களையெல்லாம் அமைதியாக்கியிருக்கிறான். இவளிடம் நாக்கு எழவில்லை. தொண்டையைச் செருமினான்.

"காலையில... என்ன சாப்பிட்டே?"

"நீங்க சாப்பிட்டதைத்தான். நீங்கதான் எதிர்ல உக்காந்திருந்தீங்க."

"ஆமால்ல."

அப்போதுதான் அவன் காதில் ஒன்று பட்டது. உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விளக்கும் பளிச்சென்று எரிந்தது. பெட்டி நின்ற விதத்தையும் நினைத்துப் பார்த்தான். பழுதாகி நிற்கிற லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கித்தான் நிற்கும். இது பிடரியைப் பிடித்து நிறுத்தியதுபோல நின்றிருந்தது. தொழில்காரனை ஏமாற்ற முடியுமா?

"ஏம்மா, அந்தச் சிவப்புப் பொத்தானை நீயா அமுக்கினே?"

"ஆமா" என்றாள்.

"எதுக்கு?"

"அஞ்சாவது மாடி வந்துட்டா வீடு வந்துடும். வீட்டுக்குள்ள வந்தா நீங்க வயித்து மேல கையை வெச்சுக்கிட்டு ரிலாக்ஸ் ஆயிட்டிருப்பீங்க. என்னால அதைப் பாக்கவே முடியலைங்க. அதான் நடுவுலயே நின்னுட்டேன்."

அவனுக்குச் சுரீரென்றது. "நீதானே சொன்னே, ஓடக்கூடாதுன்னு? ஒரு வருஷமா உனக்காகத்தான் நான் இந்தக் கூத்தெல்லாம் அடிக்கறேன். சும்மா இருக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

"எனக்கா தெரியாது? நீங்களாவது பகல்ல வேலைக்குப் போறீங்க. நான் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சும்மாத்தான் இருக்கேன்."

வெடுக்கென்று பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். இந்த ஒரு வருடத்தில் அவள் பகலில் என்ன செய்கிறாள் என்று அவன் ஒருநாள்கூட யோசித்ததில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த உச்சந்தலையைப் பார்த்தான். வகிட்டின் இரண்டு பக்கமும் நரை ஓடியிருந்தது. எப்போது வந்தது இது? வெட்கமாக இருந்தது அவனுக்கு. லிஃப்ட்டின் முனகல் தூக்கத்திலும் கேட்கிற காது, பக்கத்திலேயே இருந்தவளைக் கேட்கவில்லை.

போன் அடித்தது. அந்தத் தேன்குரல் பெண். ஆள் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார் என்றாள். உள்ளே இருப்பவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டாள்.

அவன் கதவுப் பக்கம் குனிந்தான். "நல்லா இருக்கியான்னு கேக்கறாங்க."

"யாரு கேக்கறாங்க? நீங்களா, அவங்களா?"

"அவங்கதான்."

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

சொன்னான். நன்றி சொன்னான். போனை அணைத்து, ஸ்க்ரூடிரைவரோடு சேர்த்துத் தூரத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கண்ணாடிப் பட்டையின் கீழ்முனையில் முகத்தை வைத்தால் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. காய்கறிப் பையை மார்போடு அணைத்தபடி பெட்டித் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் கேக்கறேன். நீ நல்லா இருக்கியா?"

அவள் உதடு கோணியது. அழுகை வரும்போது அப்படித்தான் ஆகும், அது அவனுக்குத் தெரியும்.

"இல்லைங்க" என்றாள். "ஒருத்தர்கூட என்னைத் திட்டமாட்டேங்கறாங்க. கடையில சிரிக்கறாங்க, பொருளைக் குடுக்கறாங்க, போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க. என் வாயி துருப்பிடிச்சுப் போச்சு. கரண்ட் போனா நல்லா இருக்குமேன்னு தோணுது. இந்த ஊர்ல கரண்டும் போகமாட்டேங்குது."

அவன் சிரித்துவிட்டான். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு பையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் வேலைக்குத் திரும்பிப் போறேங்க. தம்பிகிட்ட டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டேன்."

ஒரு வருடமாக எதற்குப் பயந்தானோ அது வந்தேவிட்டது. கோபப்படலாமா என்று பார்த்தான். கோபம் வரவில்லை.

"ஒரு டிக்கெட்டா, ரெண்டா?"

"அதான் தெரியல. தம்பி கேட்டான். உங்களைக் கேட்டுச் சொல்றேன்னேன். மூணு நாளா கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன், நீங்க ரிலாக்ஸ் ஆயிட்டே இருந்தீங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்டத்தான் நீங்க நின்னு பேசுவீங்க. அதான்."

"ரெண்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உடம்பு என்னாகறது? அங்க போனா திரும்பவும் ஓடுவீங்க."

"ஓடுவேன்தான். ஓடாம இருக்க எனக்கு வரல. ஆனா எங்க இருந்து ஓடறேன்னு இனிமே பாத்து ஓடறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சிவப்புப் பொத்தானை வெளியே இழுத்து ஐந்தை அமுக்கினாள். பெட்டி ஓரடி மேலே வந்து நின்றது. கதவு திறந்ததும் பையை அவனிடம் நீட்டினாள்.

"பிடிங்க, கை வலிக்குது."