வீட்டு ஆட்களை எழுதுவதில்லை

எங்கள் வீட்டுக்குக் கதவு கிடையாது. வாசலில் ஒரு வெப் சர்வர் நிற்கிறது. வருகிறவர்கள் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். யார், எப்போது, எதற்கு என்று அது லாக் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளும்.

என் மனைவி பூங்கோதை சித்திரையில் இறந்துபோனாள். ஆனாலும் தினமும் வந்து போகிறாள். நான் கட்டிலில் போட்டுவிட்டுப் போகும் ஈரத்துண்டு, சாயங்காலம் திரும்பும்போது கொடியில் காய்கிறது. அந்தத் துண்டுக்காக என்னைத் திட்டித் தீர்த்தவள் அவள். வேறு யாருக்கு இருக்கிறது அந்த அக்கறை?

வரும் நேரம் தெரிந்தால் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை பார்த்தால் போதும். லாக்கைப் பார்த்தேன். பால்காரர், கேபிள்காரர், ஒரு பூனை. அவள் இல்லை.

லாக் ஆபீஸுக்குப் போனேன். நடக்க நடக்க வராந்தா நீண்டுகொண்டே போனது. நடுவில் டீ கொடுத்தார்கள். கடைசியில் எஸ்தர் மேடம் இருந்தார். இடுப்புவரை மனுஷி, அதற்குக் கீழே மேஜை.

"வீட்டு ஆளுங்கள எழுத வேணாம்னு நீங்கதான சார் செட்டிங் போட்டிருக்கீங்க?"

"ஆமா மேடம். சொந்த வீட்டுக்கு வர்றவங்கள நிறுத்திவச்சு யாராவது பேர் எழுதுவாங்களா? விருந்தாளிங்களத்தான் எழுதுவாங்க."

"அப்ப அவங்க வந்தாலும் விழாது."

"அவளுக்கு மட்டும் விழணும்."

"வீட்டு ஆள்லேருந்து அவங்க பேர எடுத்துருங்க. ரேஷன் கார்டுல எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்."

"கேஸ் கனெக்‌ஷன்?"

"என் பேருக்கு மாத்திட்டேன்."

"அப்புறம் என்ன சார், இது ஒண்ணுதான பாக்கி?"

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தேன். மேஜையின் இழுப்பறையைத் திறந்து அவரே டிஷ்யூ கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவள் பெயரை எடுத்தேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். அது ஒருமுறை இருமியது.

மறுநாள் திரும்பியபோது துண்டு கட்டிலிலேயே கிடந்தது. லாக்கைத் திறந்தேன்.

மத்தியானம். பெண். தெரியாதவர். கேட்டது: படுக்கையறை. அனுமதி இல்லை.

அதே பெண். கேட்டது: சமையலறை. அனுமதி இல்லை.

அதே பெண். கேட்டது: இது பூங்கோதை வீடுதானே. பதில்: இல்லை.

அதற்குப் பிறகு வரி எதுவும் இல்லை.

அவள் பெயரைத் திரும்பச் சேர்க்கப் போனேன். சம்பந்தப்பட்டவர் வீட்டுக்குள்ளிருந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றது சர்வர்.

வாசலில் உட்கார்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். சர்வர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. நான் வீட்டு ஆள்.