சிலுவைக்கு அருகில் ஓராள் இடம்

மேலைக் கடலில் ஞாயிறு சாயும் வேளை. கார்ன்வால் நாட்டு மேட்டுநிலத்தைத் தழுவி உப்புக்காற்று வீச, கருங்கல் மதிலுக்குள் ஒடுங்கிய சிற்றூர்க் கோயிலின் கல்லறை முற்றத்தில், எண்ணூறு ஆண்டு மழையில் நனைந்து, முகம் தேய்ந்து, பாசி படர்ந்து, சற்றே ஒருபுறம் சாய்ந்து நின்றது ஒரு கற்சிலுவை. அதனடியில், கணவன் ஹெட்லியின் கல்லறையருகே, எழுபத்தெட்டு அகவையுடைய டாம்சின் கையில் ஒரு மடலோடு அமர்ந்திருந்தாள். அவனுக்கு இடப்புறம் ஓராள் நீளத்துக்கு வெற்றுநிலம் கிடந்தது. பதினோராண்டாகத் தனக்கென்று அவள் புல்லறுத்துக் காத்துவந்த இடம்.

இனி அஃது அவளுக்கில்லை. சிலுவை இனி அரசின் காப்பிலுள்ள பழஞ்சின்னம், அதைச் சுற்றி ஆறடிக்குள் மண்வெட்டி இறங்கலாகாது என்றது மடல்.

அந்தக் காப்பைக் கேட்டு வாங்கியவளே அவள்தான், வேடிக்கையைப் பாருங்கள்! செல்வன் ஒருவன் தன் தோட்டத்துக்கு அழகென்று சிலுவையைப் பெயர்க்க வந்தபோது, கணவனும் மனைவியும் வீடுவீடாய் ஏறியிறங்கிக் கையொப்பம் திரட்டினார்கள். பாதியில் ஹெட்லி கண்மூட, அவனைச் சிலுவையருகே புதைத்துவிட்டு, எஞ்சியதை அவள் தனியே முடித்தாள். தன் கையே தன் கண்ணைக் குத்திற்று.

கல்லறை தோண்டும் பெட்ராக் வந்து நின்றான். கிழவியையும் 'பொண்ணே' என்றழைப்பது அவ்வூர் வழக்கு.

"ஏம் பொண்ணே, கடுதாசி வந்துருச்சா?"

"வந்துருச்சு. வடக்கு மூலையில இடம் தர்றாங்களாம். அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "தோண்டத்தான் கூடாதாம். உடலை எரிச்ச சாம்பலைத் தூவலாமான்னு கேட்டேன். அதுக்குத் தடையில்லையாம்."

சிறுமியாயிருந்தபோது வைக்கோற்போர் பற்றியெரிந்து சுட்ட வடு அவள் முன்கையில் இன்னும் உண்டு. 'என்னை மண்ணுக்குக் கொடு, தீக்குக் கொடாதே' என்று ஹெட்லியிடம் கையடித்து வாங்கிய உறுதியும் உண்டு. வெற்றுநிலத்தை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தவள், சட்டைக் கையை இழுத்து வடுவை மூடினாள்.

"சரி பெட்ராக். காத்தில்லாத நாளாப் பாத்துத் தூவு. இல்லேன்னா கடலுக்குப் போயிருவேன். அந்தச் சோம்பேறி மனுசன் அங்க வந்து தேடவா போறான்?"

சிரித்தவாறே சொன்னாள். தீயை வாழ்நாளெல்லாம் அஞ்சியவள் அன்று மாலை தீக்கு உடன்பட்டாள். பதினோராண்டுத் தனிமை அதனினும் சுட்டிருந்தது.